கேடிஎம் 95 கிலோ, யமஹா 103 கிலோ: நடுவில் இருக்கும் எட்டுக் கிலோ எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான். 2020, 2021 வாக்கில் வந்த 250 சிசி டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் (மண் ட்ராக் பந்தய) பைக் ஒன்றைப் பழையதாக வாங்கப் பார்க்கிறீர்கள். கேடிஎம் 250 எஸ்எக்ஸ் பைக்குக்குக் கம்பெனி தரும் விவரத் தாளில் 95, 96 கிலோ என்று போட்டிருக்கிறது. யமஹா ஒய்இசட்250 தாளில் 103. ஏழெட்டுக் கிலோ கூடுதல் என்றால் யமஹாவை ஏன் இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள்?

அந்த ஏழெட்டுக் கிலோவில் ஆறு கிலோ வெறும் பெட்ரோல். கேடிஎம் தாளில் எடைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "எரிபொருள் இல்லாமல்" என்று இருக்கும். யமஹா சொல்வது டேங்க் நிரம்பிய எடை. அந்த வருடங்களின் ஒய்இசட்250 டேங்க் 8 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 740 கிராம். எட்டை 0.74-ஆல் பெருக்கினால் 5.9 கிலோ. 103-இல் அதைக் கழித்தால் 97. கேடிஎம் 95.5 என்று வைத்துக்கொண்டால் உண்மையான வித்தியாசம் ஒன்றரைக் கிலோ சொச்சம்.

அந்த ஒன்றரைக் கிலோவும் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 2017 முதல் கேடிஎம் எஸ்எக்ஸ் வரிசையில் வருவது காற்று ஃபோர்க் (ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கால்கள்). சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு காலில் அழுத்தக் காற்று நிற்கிறது. முந்தைய ஸ்பிரிங் ஃபோர்க்கைவிட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறைந்தது என்று கேடிஎம் அப்போது சொன்னது. யமஹாவில் இருப்பது கயாபா தயாரித்த ஸ்பிரிங் ஃபோர்க். 2006-இல் வந்ததிலிருந்து இன்றுவரை ஓட்டுபவர்கள் மாற்றவே விரும்பாத ஃபோர்க் அது. ஆக, தாளில் தெரிந்த எட்டுக் கிலோ கடைசியில் இரண்டு எஃகுச் சுருள்களில் வந்து நிற்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கேடிஎம் வாங்கியவர்களில் நிறையப் பேர் காற்று ஃபோர்க் பிடிக்காமல் தனியாகக் காசு கொடுத்து ஸ்பிரிங் கிட் போடுகிறார்கள். காற்று ஃபோர்க்கில் 10 பார் அளவில் அழுத்தம் நிற்கும். வெயில் ஏறினால் அதுவும் ஏறும், சீல் கசிந்தால் இறங்கும். காலையில் வைத்தது மதியம் அப்படியே இருக்காது, ஒவ்வொரு முறையும் பம்பை எடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் கிட் போட்ட கேடிஎம் எடையில் கிட்டத்தட்ட யமஹா ஆகிவிடுகிறது.

கம்பெனிகள் பொய் சொல்வதில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை எடை போடுகின்றன. தாளில் மூன்று வகை எடை வரும். முதலாவது ட்ரை வெயிட். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி வரை ஜப்பானிய கம்பெனிகள் எல்லாமே இதைத்தான் போட்டன. பெட்ரோல் இல்லை, கூலன்ட் இல்லை, கியர் ஆயில் இல்லை. சில கம்பெனிகள் பிரேக் திரவத்தையும், பேட்டரி இருந்தால் அதையும்கூடக் கழித்துவிடும். எதைக் கழித்தோம் என்று எழுதும் வழக்கம் இல்லை, அங்கேதான் சிக்கல். இரண்டாவது கெர்ப் வெயிட், அல்லது வெட் வெயிட். தேவையான திரவங்கள் எல்லாம் ஊற்றி, டேங்க் நிரப்பி, உதைத்தால் கிளம்பிவிடும் நிலையில் இருக்கும் பைக். ஹோண்டா, யமஹா எல்லாம் இப்போது போடுவது இதுதான். மூன்றாவது கேடிஎம் வழி: எல்லாத் திரவமும் இருக்கும், பெட்ரோல் மட்டும் இருக்காது. ஹஸ்க்வார்னாவும் காஸ்காஸும் அதே குடும்பம் என்பதால் அங்கும் இதே வழிதான்.

இந்த மாற்றத்தைப் பார்க்க ஒய்இசட்250-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. 2005-இல் அலுமினிய ஃப்ரேம் வந்தது, 2006-இல் புது ஃபோர்க் வந்தது. அதற்குப் பிறகு 2021 வரை இன்ஜினிலும் ஃப்ரேமிலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. 2006 தாளில் எடை சுமார் 96 கிலோ, ட்ரை. பத்து வருடம் கழித்து அதே பைக்கின் தாளில் 103, வெட். யாரோ ஏழு கிலோ இரும்பை ஒளித்து வைத்த மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால் புரிந்துவிடும்: பெட்ரோல் 5.9 கிலோ, ரேடியேட்டரிலும் இன்ஜினிலும் ஓடும் கூலன்ட் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது 1.2 கிலோ, கியர் ஆயில் 750 மில்லி, அது 650 கிராம். மொத்தம் ஏழே முக்கால். பழைய 96-உடன் கூட்டினால் 103.7. ரவுண்டு செய்வதிலும் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாற்றுவதிலும் அரை கிலோ போவது சகஜம். ஒய்இசட்125-உம் இப்படித்தான். ட்ரை என்று 86 போட்டிருந்த பைக், வெட் என்று வந்தபோது 94, 95 ஆனது.

ஆகவே பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து "அந்தக் காலத்துப் பைக் எவ்வளவு லேசு பார்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். 2007-இல் நின்றுபோன ஹோண்டா சிஆர்250ஆர் 97 கிலோ என்று இருந்தால் அது ட்ரை. கூலன்ட், ஆயில், பெட்ரோல் எல்லாம் ஊற்றினால் அதுவும் நூறைத் தாண்டிவிடும். இன்னும் பின்னால் போனால், 1973-இல் வந்த ஹோண்டா சிஆர்250எம் எல்சினோர் தாளிலும் எடை சுமார் 97 கிலோதான். அதில் ரேடியேட்டர் இல்லை, டிஸ்க் பிரேக் இல்லை, பின்னால் லிங்கேஜ் (சஸ்பென்ஷனை இணைக்கும் நெம்புகோல்) இல்லை, பின் சஸ்பென்ஷனின் பயணமும் இன்றைய பைக்கோடு ஒப்பிட்டால் பாதிகூட இருக்காது. முப்பத்து நாலு வருடத்தில் இத்தனையும் சேர்த்தும் ட்ரை எடை அப்படியே நின்றது என்றால், உண்மையில் லேசானது புதிய பைக்தான்.

எல்லாத் தாளையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர நான் சொல்லும் வழி: பெட்ரோல் காலி, மற்ற எல்லாத் திரவமும் உள்ளே. அமெரிக்காவின் ஏஎம்ஏ பந்தயங்களில் குறைந்தபட்ச எடையைப் பார்ப்பதும் பெட்ரோல் இல்லாமல்தான், அதனால் எல்லாக் கணக்கும் அங்கே வந்து சேரும். வெட் எடை கொடுத்திருந்தால் டேங்க் கொள்ளளவை 0.74-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ட்ரை எடை என்றால் 250-க்கு இரண்டு கிலோ கூட்டுங்கள், 125-க்கு ஒன்றரை கூட்டினால் போதும். கேடிஎம் வழி என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். டூ-ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலந்திருக்குமே, அதன் எடை என்னவாகும் என்று கேட்பார்கள். யமஹா சொல்லும் 30-க்கு 1 கலவையில் 8 லிட்டர் டேங்கில் ஆயில் கால் லிட்டர் சொச்சம். அது பெட்ரோலைவிடக் கொஞ்சம்தான் கனம் என்பதால் மொத்தத்தில் முப்பது நாற்பது கிராம் வித்தியாசம் வரும். விட்டுவிடலாம்.

தாளில் எண் போடும்போது ஏன் எல்லோரும் 88-க்கும் 98-க்கும் அருகிலேயே சுற்றுகிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் சுசுகியின் தொழிற்சாலைப் பைக்குகள் டைட்டானியம், மெக்னீசியம் என்று போட்டு எடையைக் குறைத்துக்கொண்டே போயின. 1970, 71, 72 மூன்று வருடமும் ஜோயல் ரோபேர் 250 உலகப் பட்டத்தை வென்றது அந்தப் பைக்கில்தான். மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியவில்லை. 1973-க்கு உலக மோட்டார்சைக்கிள் பந்தய அமைப்பான எஃப்ஐஎம் குறைந்தபட்ச எடை என்று ஒன்றைக் கொண்டுவந்தது: 250-க்கு 88 கிலோ, 500-க்கு 95. குறைத்த எடையைத் திரும்பக் கூட்ட வேண்டிய நிலை சுசுகிக்கு. பின்னாளில் 125-க்கு 88, 250-க்கு 98 என்று வரம்பு நிலைத்தது. அந்த எண்ணுக்குக் கீழே போனால் பந்தயத்தில் பலன் இல்லை என்பதால் கம்பெனிகளும் அங்கேயே நிறுத்திக்கொண்டன. 2022 வரை வந்த கேடிஎம் 125 எஸ்எக்ஸ் பெட்ரோல் இல்லாமல் ஏறக்குறைய 88 கிலோ என்பது தற்செயல் அல்ல.

அடுத்து எல்லோரும் அடித்துச் சொல்லும் வாசகம்: "டூ-ஸ்ட்ரோக் ஃபோர்-ஸ்ட்ரோக்கைவிட ரொம்ப லேசு." எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். எல்லாமே டேங்க் நிரம்பிய எடை: ஒய்இசட்250 டூ-ஸ்ட்ரோக் 103, 2021 ஃபோர்-ஸ்ட்ரோக் ஒய்இசட்250எஃப் 106, அதே வருட ஒய்இசட்450எஃப் 111. 2022 ஹோண்டா சிஆர்எஃப்250ஆர், இதுவும் ஃபோர்-ஸ்ட்ரோக், 104. அந்த ஹோண்டாவில் செல்ஃப் ஸ்டார்ட்டும் பேட்டரியும் உண்டு, யமஹா டூ-ஸ்ட்ரோக்கில் கிக்கர் மட்டும்தான். அப்படியிருந்தும் வித்தியாசம் ஒரு கிலோ. ஆனால் பந்தயத்தில் 250 டூ-ஸ்ட்ரோக் நிற்க வேண்டியது 450-உடன், 125 நிற்க வேண்டியது 250எஃப்-உடன். அந்த ஒப்பீட்டில் முதலாவதில் எட்டுக் கிலோ, இரண்டாவதில் பதினோரு கிலோ லேசு. அது பெரிய விஷயம்தான்.

அப்படியென்றால் 103 கிலோ டூ-ஸ்ட்ரோக்கில் இருந்து இறங்கி 104 கிலோ ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஏறினால் ஏன் பத்துக் கிலோ கூடிய மாதிரி இருக்கிறது? தராசுக்குத் தெரியாத எடை அது. ஃபோர்-ஸ்ட்ரோக்கின் தலையில் கேம்ஷாஃப்ட், வால்வுகள், டைமிங் செயின் எல்லாம் உயரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. டூ-ஸ்ட்ரோக்கின் தலை என்பது ஒரே ஒரு அலுமினிய மூடி, நடுவில் ஒரு பிளக். கையில் எடுத்தால் ஒரு கிலோகூட வராது. கூடவே, ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அதிகமாக இருக்கும் சுழலும் பாகங்களின் வேலையும் இருக்கிறது. சுழலும் எதுவும் தன் திசையை மாற்ற விடாமல் எதிர்க்கும், அந்தரத்தில் பைக்கைச் சாய்க்கும்போது அது கையில் தெரியும். திராட்டிலை மூடினால் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது, எடை முன்னால் சரிகிறது, பைக் மூக்கால் உழுவது போல் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு, பைக் உருண்டுகொண்டே போகும். "லேசு" என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

ஒரு அளவுக்குச் சொல்கிறேன். நம் ஊர் ஆர்எக்ஸ் 100-உம் ஏறத்தாழ நூறு கிலோ வண்டிதான், 11 குதிரைத்திறன். அதே எடையில் நாற்பதுக்கு மேல் குதிரைத்திறனை வைத்துப் பாருங்கள், ஒய்இசட்250 என்னவென்று புரியும்.

2023-இல் கேடிஎம் எஸ்எக்ஸ் டூ-ஸ்ட்ரோக்குகள் முழுதாக மாறின. கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது, கிக்கர் போய் செல்ஃப் ஸ்டார்ட் வந்தது, புகைவழியின் திறப்பை மாற்றும் பவர் வால்வும் மின்சாரத்தில் இயங்க ஆரம்பித்தது. ஸ்டார்ட்டர் மோட்டார், அதற்கான பற்சக்கரங்கள், லித்தியம் பேட்டரி, டேங்குக்குள் பெட்ரோல் பம்ப், வயரிங் என்று எல்லாம் சேர்ந்து முந்தைய மாடலைவிடச் சில கிலோ கூடிவிட்டது. தாளில் இது எடைக்கூடுதலாகத்தான் தெரியும். நடுப் பந்தயத்தில் விழுந்து, சூடான இன்ஜினைக் கிக்கரில் உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தவர்கள் இந்தக் கிலோக்களைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: இந்த எஸ்எக்ஸ் மாடல்களுக்கு இன்னும் ஆயிலைப் பெட்ரோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும். அதே கம்பெனியின் டிபிஐ (சிலிண்டர் துளையில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்ஷன்) எண்டூரோ, அதாவது காட்டுப்பாதைப் பந்தய பைக்குகளில் தனி ஆயில் டேங்க், விளக்கு, ஸ்டாண்ட், பெரிய பெட்ரோல் டேங்க் எல்லாம் இருக்கும். எண்டூரோ தாளை மோட்டோகிராஸ் தாளோடு வைத்துப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

தாளை விட்டுவிட்டுக் கையில் இருக்கும் பைக்கை எடை போடுவதுதான் நேர்வழி. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பழைய இரும்புக் கடையிலோ மண்டியிலோ இருக்கும் 300 கிலோ மின்னணுத் தராசு போதும். 50 அல்லது 100 கிராம் துல்லியத்தில் காட்டும். பைக்கைத் தூக்கி நிறுத்தும் மோட்டோகிராஸ் ஸ்டாண்டை மேடையின் நடுவில் வையுங்கள். ஸ்டாண்டோடு எண்ணைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். பிறகு இரண்டு பேராகப் பைக்கைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். இரண்டு சக்கரமும் தரையையோ மேடையின் ஓரத்தையோ தொடாமல் தொங்க வேண்டும். முன்சக்கரம் நுனியில் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால்கூட ஐந்தாறு கிலோ காணாமல் போகும், பலர் ஏமாறுவது இங்கேதான். கையை எடுத்துவிட்டு எண் நிற்கும்வரை காத்திருங்கள். இரண்டு முறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். 200 கிராமுக்குள் ஒத்துவந்தால் சரி.

பெரிய தராசு கிடைக்காவிட்டால் வீட்டில் நின்று பார்க்கும் தராசு இரண்டு போதும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று, இரண்டும் ஒரே உயரத்தில். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்ற சக்கரத்தின் கீழே அதே உயரத்துக்குப் பலகை வைத்து, மாற்றி மாற்றி எடுத்து இரண்டையும் கூட்டுங்கள். பைக்கை ஒருவர் ஹேண்டிலை விரல் நுனியில் மட்டும் பிடித்து நேராக நிறுத்த வேண்டும், சாய்த்துத் தாங்கினால் அவர் கை வாங்கும் எடை கணக்கில் வராது. பிரேக்கைப் பிடிக்கக் கூடாது, கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். டயர் தராசின் நடுவில் ஏற வேண்டும், ஓரத்தில் ஏறினால் இந்த மலிவுத் தராசுகள் ஒன்றிரண்டு கிலோ தப்பாகச் சொல்லும். இந்த முறையில் ஒரு கிலோ முன்னே பின்னே வருவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் எடை எப்படிப் பிரிகிறது என்று தெரிவது இதில் கிடைக்கும் லாபம்.

பெட்ரோலை எடுக்கும்போது பைப்பை டேங்க் அடியில் இருக்கும் காக்கிலிருந்து (பெட்ரோல் குழாய்த் திறப்பு) கழற்றிக் கேனில் விட்டால் மட்டும் போதாது. டேங்க் ஃப்ரேமின் இரு பக்கமும் இறங்கி உட்கார்ந்திருப்பதால் காக் இல்லாத பக்கத்தில் கால் லிட்டர் வரை தங்கிவிடும். காக் இருக்கும் பக்கமாகப் பைக்கைச் சாய்த்தால் அதுவும் வந்துவிடும். கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தில் நிற்பது சில பத்து மில்லிதான், தொடத் தேவையில்லை. எக்ஸ்பான்ஷன் சேம்பர் (டூ-ஸ்ட்ரோக்கின் வீங்கிய புகைக்குழாய்) ஆறிய பிறகே கேனைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சூடான குழாய் மீது பெட்ரோல் சொட்டுவது விளையாட்டல்ல.

இப்படி எடை போட்டால் தாளைவிட மூன்று நான்கு கிலோ கூடுதலாக வருவது சாதாரணம். அதற்காகக் கம்பெனியைத் திட்டுவதற்கு முன், பைக்கில் என்னவெல்லாம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் போட்ட அலுமினிய அடித்தகடு ஒரு கிலோவுக்குக் குறையாது. முழுக்கம்பி கைக்காப்பு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை. ரேடியேட்டர் காப்பு அரை கிலோ. பக்க ஸ்டாண்ட் போட்டிருந்தால் இன்னொரு அரை கிலோ. முட்டுக்கட்டையான பாதையில் இன்ஜின் அணையாமல் இருக்க ஃப்ளைவீலில் மாட்டும் எடைத்தட்டு 250 முதல் 350 கிராம். பின் ஸ்பிராக்கெட் அலுமினியத்துக்குப் பதில் எஃகாக இருந்தால் அரை கிலோ கூடும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், எஃகு பல மடங்கு உழைக்கும். டியூபைப் பாருங்கள். முள்ளுக்கும் கல்லுக்கும் பயந்து போடும் தடித்த டியூப், சாதாரண டியூபைவிடச் சக்கரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் கூடுதலாக இருக்கும். டியூபுக்குப் பதில் உள்ளே போடும் நுரைவளையம் அதையும் தாண்டும்.

தராசில் தெரிந்தும் கண்ணில் படாத இடங்கள் சில உண்டு. டூ-ஸ்ட்ரோக்கின் சைலன்ஸருக்குள் கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கிறது. எரியாத ஆயில் அதில் ஊறி, கறுத்து, ஈரக் கம்பளி மாதிரி ஆகிவிடும். நூறு இருநூறு கிராம் கூடுவது மட்டுமில்லை, சத்தம் தகரம் தட்டுவது போல் மாறும், நடு ஆர்பிஎம்மில் இழுவையும் மந்தமாகும். அடுத்தது சீட். உறை எங்காவது கிழிந்திருந்தால், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போது ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துவிடும். சீட்டைக் கழற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள், ஓரத்தில் நீர் கசிந்தால் உள்ளே ஒரு கிலோ தண்ணீர் இருக்கலாம். அடித்தகட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காய்ந்த சேறு, ஃபென்டருக்கு அடியில் ஒட்டிய சேறு, ஸ்விங் ஆர்ம் இடுக்கு எல்லாவற்றையும் சுரண்டிய பிறகு எடை போடுங்கள். களிமண் ட்ராக்கில் மழைநாளில் இருபது நிமிடம் ஓடி வந்த பைக்கில் பத்துக் கிலோ சேறு என்பது மிகையல்ல. டைட்டானியம் போல்ட்டில் நூறு கிராம் குறைத்தவரையும் அந்தச் சேறு விடாது. ஃபென்டரின் அடியில் ஓட்டத்துக்கு முன் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் சேறு பிடிப்பது குறையும். செலவு சொற்பம், பலன் கிலோக் கணக்கில்.

எடை குறைக்க வேண்டும் என்றால் எந்த வரிசையில் போவது? முதலில் பெட்ரோல். அதற்குக் காசே இல்லை. ஒரு ஓட்டத்துக்கு எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பாருங்கள்: கழுத்து வரை நிரப்பி, 15 நிமிடம் நீங்கள் ஓட்டும் வேகத்திலேயே ஓட்டி, திரும்ப அதே கோடு வரை அளந்து ஊற்றுங்கள். இரண்டு லிட்டர் போனது என்றால் இருபது நிமிட ஓட்டத்துக்கு மூன்றே காலோ நாலோ போதும். எட்டு லிட்டர் ஊற்றுவதற்குப் பதில் நாலு ஊற்றினால் மூன்று கிலோ குறைந்தது, அதுவும் பைக்கின் மிக உயரமான இடத்திலிருந்து. ஆனால் விளிம்பில் நின்று கணக்குப் போடாதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடுதான். டேங்க் வற்றும்போது கலவை மெலியும், வெப்பம் ஏறும், ஆயிலும் குறையும். முழுத் திராட்டிலில் அந்த நேரம் வந்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். அரை லிட்டராவது மிச்சம் இருக்கும்படி ஊற்றுங்கள்.

இரண்டாவது, சக்கரத்தின் விளிம்பு. டயர், டியூப், ரிம் லாக் (டயர் நழுவாமல் ரிம்மோடு பிடிக்கும் பூட்டு) இவற்றில் குறைக்கும் நூறு கிராம் ஃப்ரேமில் குறைக்கும் நூறு கிராமைவிட அதிகம் பேசும். அதைச் சுழற்றவும் வேண்டும், பள்ளத்தில் மேலும் கீழும் அடிக்கவும் வேண்டும். உங்கள் ட்ராக்கில் கல் இல்லையென்றால் தடித்த டியூபைக் கழற்றிச் சாதாரண டியூப் போடுங்கள். 250-க்கு வரும் 110/90-19 பின் டயருக்குப் பதில் 100/90-19 போடுபவர்களும் உண்டு. ஒய்இசட்125-க்கு வருவது அந்த அளவுதான். எடை குறையும், பைக் சட்டென்று திரும்பும், பதிலுக்குத் தளர்ந்த மண்ணில் பிடி கொஞ்சம் குறையும். நல்ல சக்தியுள்ள 250-இல் எனக்கு அந்த மாற்றம் சரியாகப் படவில்லை.

போல்ட் விஷயத்தில் ஒரு சொல். முழு பைக்குக்கும் டைட்டானியம் போல்ட் மாற்றினால் அரை கிலோ சொச்சம் குறையும், விலை ஒரு சக்கரத்தின் விலைக்கு வந்து நிற்கும். வேண்டுமென்றால் செய்யுங்கள். ஆனால் வண்ண வண்ணமாக வரும் அலுமினிய போல்ட்டை பிரேக் டிஸ்க்கிலோ காலிப்பரிலோ ஸ்பிராக்கெட்டிலோ ஒருபோதும் போடாதீர்கள். வெப்பத்திலும் அதிர்விலும் தலை அறுந்து போகும். பிளாஸ்டிக் மூடிகள், நம்பர் பிளேட் மாதிரி இடங்களோடு அது நிற்கட்டும். ஃபுட்பெக்கில் ஓட்டை போடுவது, ஆக்ஸிலைக் குடைவது போன்ற வேலைகளும் வேண்டாம். குதித்து இறங்கும்போது உங்கள் முழு எடையும் அதன்மேல்தான் வந்து விழும்.

இவை எல்லாவற்றையும்விட ஸ்பிரிங் முக்கியம் என்று சொன்னால் எடை கேட்டவருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஓட்டுபவர் 60 கிலோவா 90 கிலோவா என்பதற்குள் முப்பது கிலோ வித்தியாசம். அதைக் கவனிக்காமல் பைக்கில் இரண்டு கிலோவைத் தேடுவதில் பொருளில்லை. முழு உடுப்போடு, ஓட்டத்துக்கு ஊற்றும் அளவு பெட்ரோலோடு ஏறி நின்று, பைக்கின் பின்பகுதி 100 முதல் 105 மில்லிமீட்டர் இறங்குகிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்த பிறகு ஆள் இல்லாமல் பைக் தன் எடையில் மட்டும் 30 முதல் 40 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதைவிடக் குறைவாக இறங்கினால், ஸ்பிரிங் உங்களுக்கு மெல்லியது, முறுக்கி முறுக்கி எண்ணை வரவழைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அதிகமாக இறங்கினால் ஸ்பிரிங் தடித்தது. தவறான ஸ்பிரிங் போட்ட 95 கிலோ பைக், சரியான ஸ்பிரிங் போட்ட 103 கிலோ பைக்கைவிடக் கையில் கனமாகத்தான் இருக்கும்.

உங்கள் இரண்டு பைக்குக்கு வருவோம். எடைக்காகக் கேடிஎம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஒன்றரைக் கிலோ எடை ஒரு காரணமே இல்லை. பார்க்கப் போகும்போது கேடிஎம்மில் ஃபோர்க் காற்று அழுத்தத்தை முதலில் அளக்கச் சொல்லுங்கள், மறுநாளும் அது அப்படியே நிற்கிறதா என்று கேளுங்கள், ஸ்பிரிங் கிட் போட்டிருந்தால் அதன் ரசீதை வாங்குங்கள். யமஹாவில் ஃபோர்க்கைப் பற்றிக் கவலை குறைவு. 2006 முதல் ஒரே மாதிரி என்பதால் பாகங்களும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதே காரணத்தால் பத்து வயதான பைக்குக்குப் புது பிளாஸ்டிக் போட்டு ஒரு வயதுப் பைக்காகக் காட்டுவதும் எளிது. அமெரிக்கச் சந்தைக்கு வந்த பைக் என்றால் ஃப்ரேம் எண்ணில் பத்தாவது எழுத்து எந்த வருட மாடல் என்பதைச் சொல்லிவிடும். ஸ்டிக்கரைப் பார்க்காமல் அதைப் பாருங்கள்.